மகஜரில் விட்டிருந்த இடம்

சீமையில் நான் இருக்கும் இந்த ஊரில் யாரும் கையில் மனுவோடு நடப்பதில்லை. வந்து இத்தனை வருஷங்கள் ஆகியும் இது எனக்குப் பழகவில்லை. மழையில் குடையோடு நடக்கிறார்கள், நாயை இழுத்துக்கொண்டு நடக்கிறார்கள், மீன் வறுவலைச் செய்தித்தாளில் பொட்டலம் கட்டி மார்போடு அணைத்துக்கொண்டு நடக்கிறார்கள். நாலாக மடித்த காகிதத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஓர் ஆபீஸ் வாசலில், உள்ளே இருப்பவர் எப்போது தலை தூக்குவார் என்று பார்த்து நிற்கும் ஒரு மனிதரை மட்டும் நான் பார்த்ததே இல்லை. நாமக்கல் தாலுகா ஆபீசுக்கு எதிரே, மலைக்கோட்டையின் நிழல் விழும் இடத்தில், எந்த நாளும் இருபது பேராவது அப்படி நிற்பார்கள். நிலவரி, வாய்க்கால் தகராறு, பள்ளிக்கூடத்து வாத்தியார் மாற்றல், எதுவானாலும் மனுதான். ஊரே சேர்ந்து எழுதினால் அதற்குப் பெயர் மகஜர். இங்கே ஒருவருக்கு ஒன்று வேண்டுமென்றால் தனியாக உட்கார்ந்து, தன்னைப் பற்றித் தானே, கூச்சமில்லாமல் எழுதி அனுப்புகிறார்.

இந்த வாரம் முழுவதும் நான் வாசிப்பது அப்படிப்பட்ட காகிதங்களைத்தான். எங்கள் கல்லூரியில் சர்வதேச விவகாரங்களைக் கற்பிக்கும் பிரிவுக்கு இன்னொரு விரிவுரையாளர் வேண்டும். யுத்தம் முடிந்து திரும்பிய பையன்கள் வகுப்பில் நிற்க இடமில்லாமல் நெருக்குகிறார்கள். இவ்வளவு அடித்துக்கொண்டது எதற்காக என்று யாராவது சொல்லித் தரட்டும் என்று பார்க்கிறார்கள் போலிருக்கிறது. ஆளெடுக்கும் கமிட்டிக்கு இந்த முறை நான்தான் தலைவன். ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல நாற்காலியில் இருக்க முடியவில்லை. எழுந்து ஜன்னலுக்குப் போகிறேன், ஆலைப் புகையைப் பார்க்கிறேன், திரும்பி வந்து "எனக்கு இந்த விஷயத்தில் ஆழ்ந்த புலமை உண்டு" என்று தொடங்கும் அடுத்த கடிதத்தை எடுக்கிறேன். எடுத்ததும் எரிச்சல் வருகிறது. உனக்குப் புலமை உண்டென்று நீயே சொன்னால் எப்படி, அடுத்தவரல்லவா சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் இருக்கும் நாமக்கல்காரன் முணுமுணுக்கிறான். அவனை அதட்டி உட்கார வைத்துவிட்டு, கடிதத்தின் ஓரத்தில் "பார்க்கலாம்" என்று எழுதுகிறேன்.

பத்துப் பன்னிரண்டு வருஷங்களுக்கு முன்னால் இதே மேஜைக்கு எதிர்ப்புறம் நான் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன். ஊரில் இருந்து இதை வாசிப்பவர்கள் சிரிப்பார்கள். ரங்கூனிலும் கொழும்பிலும் பினாங்கிலும் இருந்து வாசிப்பவர்கள் எவ்வளவு சிரிப்பார்கள் என்று எனக்குத் தெரியாது.

உலக விவகாரத்தை நான் முதலில் படித்தது புத்தகத்தில் அல்ல, தோல் மண்டியில். சேலத்தில் கல்லூரிக்குப் போன காலத்தில், செவ்வாய்ப்பேட்டையில் காதர் ராவுத்தர் என்ற தோல் வியாபாரியின் மண்டிக்கு மேலே ஓர் அறையில் தங்கியிருந்தேன். மேச்சேரி ஆட்டுத் தோலுக்கு அப்போது நல்ல பேர். அதை வாங்கிப் பதப்படுத்திச் சென்னை வழியாக லண்டனுக்கு அனுப்புவார். லண்டன் தரகர்களிடமிருந்து வரும் கடிதங்களை நான் வாசித்துச் சொல்வேன். எங்கேயோ இரண்டு தேசங்களுக்கு மனஸ்தாபம் என்று ஒரு வரி இருக்கும். அடுத்த வாரம் மேச்சேரிச் சந்தையில் ஒருவர் ஆட்டை விற்காமல் திரும்ப ஓட்டிக்கொண்டு போவார். இந்த இரண்டுக்கும் நடுவே என்ன நடந்தது என்று ராவுத்தர் என்னைக் குடைவார். பதில் தெரியாது. தெரியாததுதான் என்னைப் படிக்க வைத்தது, அப்புறம் கப்பலேற்றியது. ராவுத்தரும் சும்மா இல்லை, நான் போன பிறகு எழுத்துக்கூட்டி இங்கிலீஷ் படிக்கக் கற்றுக்கொண்டார். கதையில் அந்த அரைகுறை இங்கிலீஷுக்கு ஒரு பெரிய வேலை இருக்கிறது.

இங்கே படிப்பு முடிந்ததும் பேராசிரியர் ஹார்ட்லி என்னை உதவியாளனாக வைத்துக்கொண்டார். மாணவர் கட்டுரைகளைத் திருத்துவது, நூலகச் சீட்டு எழுதுவது, அவர் குடையை மறந்த இடத்திலிருந்து எடுத்து வருவது என் வேலை. வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டிய வேலை. ஒவ்வொரு கோடையிலும் பெட்டியைக் கட்டுவதா பிரிப்பதா என்று தெரியாமல் கிடப்பேன். அப்போதுதான் கல்லூரி நிரந்தர விரிவுரையாளர் பதவி ஒன்றை உண்டாக்கி, பிறர் ஆளுகையில் உள்ள நாடுகளின் நிலைமையை அறிந்தவர் வேண்டும் என்று விளம்பரம் செய்தது. அதை வாசித்த அன்று நான் சாப்பிடவில்லை. பிறர் ஆளுகையில் பிறந்து வளர்ந்ததைத் தவிர நான் வேறென்ன செய்திருக்கிறேன்? அந்த வேலை எனக்கு வேண்டும் என்று வெட்கமில்லாமல் ஆசைப்பட்டேன்.

கமிட்டியின் முன் ஒரு சோதனை விரிவுரை செய்யச் சொன்னார்கள். நான் எடுத்துக்கொண்டது மனுக்கள். முந்தைய உலக யுத்தத்தில் தோற்றவர்களிடமிருந்து பிடுங்கிய நாடுகளை, வென்றவர்கள் தங்கள் பொறுப்பில் வைத்து ஆண்ட காலம் அது. அந்த நாட்டுக் குடிகளுக்குக் குறை இருந்தால், ஜெனீவாவில் கூடும் தேசங்களின் சபைக்கு மனுப் போடலாம். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. மனுவை நேராக அனுப்ப முடியாது, எந்த அரசாங்கத்தின் மேல் குறையோ அதே அரசாங்கத்தின் கையில் கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும். அது தன் விளக்கத்தையும் சேர்த்து அனுப்பும். ஜெனீவாவில் வாசிப்பார்கள், வருந்துவார்கள், குறித்துக்கொள்வார்கள். பெரும்பாலும் அதோடு சரி. குறை சொல்லப்பட்டவனே தபால்காரனாக இருக்கும் இந்த ஏற்பாட்டை நான் கிழி கிழியென்று கிழித்தேன். நாமக்கல் தாலுகா ஆபீஸ் வாசலில் நின்ற அத்தனை பேருடைய கோபமும் அன்று என் தொண்டையில் ஏறியிருந்தது. ஹார்ட்லி மேஜையைத் தட்டி ஆமோதித்தார். கடைசிச் சுற்றுக்கு இரண்டு பேர் தேர்வானோம். மற்றவர் ஓர் ஆக்ஸ்போர்டுக்காரர், நல்ல மனிதர், மூக்கு மட்டும் சற்று மேலே பார்க்கும்.

அடுத்தது நற்சாட்சி. நம்மை அறிந்த இரண்டு பேருடைய விலாசத்தைக் கொடுத்தால் கல்லூரியே அவர்களுக்கு நேரடியாக எழுதி விசாரிக்கும். ஒருவராக என் பழைய சேலம் ஆசிரியரைக் கொடுத்தேன். இன்னொருவராகக் காதர் ராவுத்தரைக் கொடுத்தேன். லண்டன் வரை வியாபாரம் செய்கிற கௌரவமான மனிதர், ஒரு பக்கம் எழுதிவிடுவார் என்று நிம்மதியாக இருந்தேன். இரண்டு மாதம் கழித்து, நேர்முகத்துக்கு முந்தின வாரம், ராவுத்தரிடமிருந்து எனக்கு ஒரு தனிக் கடிதம் வந்தது. "தம்பிக்கு துஆ. ஒரு காரியம் கைமீறிப் போய்விட்டது" என்று ஆரம்பம். அதற்கு மேல் நின்றுகொண்டே வாசித்தேன்.

கல்லூரிக் கடிதம் சேலத்துக்கு வந்த நாள், என் அய்யன் மண்டியில் இருந்திருக்கிறார். எங்கள் பக்கத்தில் அப்பாவை அய்யன் என்றுதான் சொல்வோம். கிணற்றில் மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கவலைக்குப் பறி தைக்கத் தோல் வாங்க வந்தவர். ராவுத்தர் பெருமையாகக் கடிதத்தைப் பிரித்து எழுத்துக்கூட்டியிருக்கிறார். "இவரை நிரந்தரமாக எங்களிடம் வைத்துக்கொள்வது தகுமா என்பது பற்றித் தங்கள் அபிப்பிராயம் என்ன" என்று அதில் இருந்திருக்கிறது. நற்சாட்சி கேட்கும் எல்லாக் கடிதத்திலும் இருக்கிற வரிதான். ராவுத்தர் அதை அப்படியே சொல்ல, அய்யன் தோலைக் கீழே வைத்துவிட்டாராம். அதற்குப் பிறகு மண்டியில் நடந்த பேச்சை ராவுத்தர் ஒரு வரி விடாமல் எழுதியிருந்தார்.

"ஏனுங்க ராவுத்தரே, நெசமாத்தான் நம்மளைக் கேட்டிருக்காங்களா?"

"ஆமாங்க கவுண்டரே. வெச்சுக்கலாமான்னு அபிப்பிராயம் கேக்கறாங்க."

"பாருங்க, வெள்ளக்காரனா இருந்தாலும் மொறை தெரிஞ்சவன். பெத்தவனை ஒரு வார்த்தை கேக்காம வெச்சுக்கப்படாதுன்னு நெனச்சிருக்கான். கேட்டவங்களுக்குப் பதில் சொல்லோணுமில்லீங்க?"

"நல்ல பையன், வெச்சுக்கங்கன்னு நான் எழுதிப்போடறனுங்க."

"அதெப்புடிங்க? படிக்கப் போனான், சரி. வேலை பாக்கறான், அதுவுஞ் சரி. நிரந்தரமாங்கறாங்களே. என்ற பையனை நிரந்தரமா வெச்சுக்கங்கன்னு என்ற வாயால எப்புடிச் சொல்றது? வேலை குடுங்க, இக்கட்ட நம்மூர்ப் பக்கமா மாத்திக் குடுங்கன்னு கேப்போம். நம்ம தாலுகாவையே திருச்சி ஜில்லாவுக்குக் கொண்டுபோயி, மறுக்காச் சேலத்துக்கே கொண்டாந்து உட்டாங்களே! தாலுகாவையே மாத்துனவங்க ஒரு ஆளை மாத்த மாண்டாங்களா?"

சர்க்கார் உத்தியோகம் என்றால் எங்கள் ஊருக்குத் தெரிந்தது ஒன்றுதான். வேலை எங்கேயும் போடுவார்கள், மகஜர் கொடுத்தால் பக்கத்தில் மாற்றிக் கொடுப்பார்கள். வாத்தியாருக்கும் கர்ணத்துக்கும் அப்படித்தான் நடந்திருக்கிறது. லண்டன் துரை சென்னைத் துரைக்கு மேல் என்றால் அவருக்கு இது இன்னும் சுலபமாகத்தானே இருக்க வேண்டும்? நாமக்கல்லில் மனு எழுதுகிறவரை அய்யன் ஊருக்கே அழைத்து வந்து, கோயில் முன்னால் உட்கார வைத்து எழுத வைத்தாராம். முடிந்ததும் நேரே சேலம் வந்து ராவுத்தர் கையில் கொடுத்தாராம். "நான் நல்ல முறையில் ஒரு சாட்சிக் கடிதம் எழுதி, இதையும் கூடவே வைத்து அனுப்பிவிட்டேன். பெற்றவர் கொடுத்ததை மறித்து வைக்க எனக்கு மனம் வரவில்லை. தப்பென்றால் என் பேரில் போட்டுக்கொள், தம்பி" என்று கடிதம் முடிந்திருந்தது.

அன்று இந்த நகரத்தின் தெருவெல்லாம் நடந்தேன். அய்யன் மேல் வந்த கோபத்தை என்னவென்று சொல்ல? பத்து வருஷப் படிப்பை ஒரு கட்டைவிரல் மையில் தோய்த்து ஒற்றிவிட்டாரே என்று இருந்தது. அடுத்த தெருவில் அதே கோபம் என் மேல் திரும்பியது. கேட்காமலே இங்கே நிரந்தரமாகத் தங்க ஏற்பாடு செய்தவன் நான்தானே. அவரை யாரோ முறையாகக் கேட்டார்கள் என்று அவர் சந்தோஷப்பட்டாரே, அந்தக் கேள்வியை நான் அல்லவா கேட்டிருக்க வேண்டும்? அதற்கடுத்த தெருவில் மறுபடி வேலை ஞாபகம் வந்தது, கல்லூரிப் பக்கம் திரும்பி நடந்தேன்.

நேர்முகம் மாலை நாலு மணிக்கு. அன்று மத்தியானம் கமிட்டியின் காரியதரிசி மிஸ் பென்டன் என்னைக் கூப்பிட்டனுப்பினார். ஒழுங்கே உருவான பெண்மணி. பென்சில்களைக்கூட உயர வரிசையில் அடுக்கி வைத்திருப்பார். மேஜை மேல் மகஜர் விரித்துக் கிடந்தது. ஒட்டி ஒட்டி நீளமாக்கிய காகிதம், இரண்டு ஓரமும் மேஜைக்கு வெளியே தொங்கியது. மேலே எழுத்து, கீழே ஊதா நிறத்தில் வரிசை வரிசையாகக் கட்டைவிரல் ரேகைகள்.

"உங்கள் நற்சாட்சியோடு இது வந்திருக்கிறது. இந்தக் கல்லூரியில் இதை வாசிக்கத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான்" என்றார். "தன் நற்சாட்சியைத் தானே மொழிபெயர்ப்பது முறையல்ல என்று நான் சொல்லிப் பார்த்தேன். உங்களை நம்புவதாகப் பேராசிரியர் சொல்கிறார்."

காகிதத்தை அவர் முன்னாலேயே நின்று வாசித்தேன். "மகாராஜராஜஸ்ரீ காலேஜ் துரையவர்கள் சமூகத்துக்கு" என்று தொடங்கியது. பையன் யோக்கியன், ஒரே மகன், தோட்டத்துக் கிணறு அவன் கைக்காகக் காத்திருக்கிறது. துரையவர்கள் அவனுக்கு வேலை கொடுத்ததற்கு ஊர் கடமைப்பட்டிருக்கிறது. வேலையை அப்படியே வைத்து ஆளை மட்டும் சேலத்துக்கு மாற்றிக் கொடுக்க வேண்டியது. சேலத்தில் இடம் இல்லையென்றால் ஈரோடு. பள்ளிபாளையத்தில் ஆற்றைத் தாண்டினால் ஈரோடு, அது எங்களுக்குத் தூரமில்லை. அதுவும் ஆகாதென்றால் கோயமுத்தூர். சென்னைப்பட்டணம் வேண்டாம், தூரம் ஜாஸ்தி. இதை வாசித்தபோது சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. முதல் ரேகை அய்யனுடையது. நடுவே ஒரு வெட்டுத் தழும்பு, அருவாள் பட்டது, எனக்குத் தெரியும். எல்லா ரேகைகளும் முடிந்த இடத்தில், கோடு போட்ட ஒரு சின்னக் கட்டம் வெறுமையாக இருந்தது. அதன் மேலே மனு எழுதியவர் தெளிவாக எழுதியிருந்தார்: "மாற்றல் கோரும் உத்தியோகஸ்தர் கையொப்பம்." கீழே என் பெயர்.

நாலு மணிக்கு மூன்று பேர் முன்னால் உட்கார்ந்தேன். ஹார்ட்லி, மிஸ் பென்டன், பஞ்சாபில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற ஒரு கிழவர். மகஜரைப் பார்த்ததும் கிழவர் பழைய சிநேகிதரைக் கண்டவர்போல முகம் மலர்ந்தார். "இப்படி ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறேன்" என்றார்.

"பார்த்து என்ன செய்தீர்கள்?" என்று ஹார்ட்லி கேட்டார்.

"கோப்பில் வைத்தோம். வேறென்ன செய்வது?"

வாசிக்கச் சொன்னார்கள். பொய் சொல்ல எனக்கு வழி திறந்தே கிடந்தது. "எங்கள் மகனை உங்களிடம் ஒப்படைக்கிறோம்" என்று ஒரு வாக்கியத்தை மாற்றினால் தீர்ந்தது. அவர்களில் யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் அந்தக் காகிதத்தைப் பிடித்திருந்தபோதுதான் உறைத்தது, ஜெனீவாவுக்கு மனுக் கொண்டுபோகும் அரசாங்கம் இப்போது நான்தான். சில மாதங்களுக்கு முன்னால் அந்த அரசாங்கத்தை இதே அறையில் நின்று கிழித்திருக்கிறேன். முதல் வரியிலிருந்து, சென்னைப்பட்டணம் தூரம் ஜாஸ்தி என்பது வரை, ஒரு சொல் மாற்றாமல் இங்கிலீஷில் வாசித்தேன். வாசிக்க வாசிக்க வேலை கையை விட்டுப் போவது தெரிந்தது. போகட்டும் என்று ஒரு வீம்பும் வந்தது.

முடித்தேன். ஹார்ட்லி முதலில் சிரித்தார், அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மாற்றல்! நமக்குச் சேலத்தில் ஒரு கிளை இருப்பதாக நினைத்துவிட்டார்கள், பாவம். எவ்வளவு அழகான கடிதம்!" என்றார். மற்றவர்கள் பக்கம் திரும்பி, "எதிர்த்தரப்பு மனுவை இவர் ஒளிக்காமல் வாசித்திருக்கிறார், பாருங்கள். ஒரு ஊரே திருப்பிக் கொடு என்று கேட்கிற ஆளைவிட நமக்கு வேறு யார் வேண்டும்?" என்றார். பஞ்சாப் கிழவரும் தலையாட்டினார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கேட்டதைக் கேட்டபடி சொன்னேனே, இவர்கள் காதில் எதுதான் விழுந்தது? இவனைத் திருப்பி அனுப்புங்கள் என்று ஒரு ஊர் மன்றாடுகிறது. அதைக் கேட்டு உருகி, இவனை வைத்துக்கொள்வோம் என்று தீர்மானிக்கிறார்கள். ஒருவரும் கெட்டவர் இல்லை, ஒருவரும் கேலி செய்யவும் இல்லை. மனு வாசிக்கப்பட்டது, வருந்தினார்கள், குறித்துக்கொண்டார்கள்.

மிஸ் பென்டன் மட்டும் இன்னும் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பென்சில் நுனியால் கடைசிக் கட்டத்தைத் தொட்டு, "இங்கே ஏதோ எழுதி, கீழே இடம் விட்டிருக்கிறதே. இது என்ன?" என்று கேட்டார்.

"ஒன்றுமில்லை. காகிதம் மீந்துவிட்டது" என்றேன்.

அந்த மகஜரில் நான் மாற்றியது அது ஒன்றுதான். அதற்குள் வேலை என் பக்கம் திரும்பிவிட்டிருந்தது, இனி அதை விட எனக்கு மனமில்லை. கையொப்பம் போட வேண்டியவன் நானே என்று சொன்னால், போடுவாயா என்று கேட்பார்களே! போட மாட்டேன் என்று எனக்குத் தெரியும். அதை என் வாயால் சொல்லத் தைரியம் இல்லை.

வேலை கிடைத்தது. எந்தக் கடிதத்துக்கும் பதில் போடாமல் மிஸ் பென்டனுக்குத் தூக்கம் வராது. "தங்கள் கடிதம் கிடைத்தது, கவனிக்கப்பட்டு வருகிறது" என்று கல்லூரித் தாளில் டைப் அடித்து, கீழே தமிழிலும் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். முத்திரை குத்தி என் அய்யனுக்கு அனுப்பினார்.

இரண்டு கோடை கழித்து விடுமுறைக்கு ஊர் போனேன். சேலம் ஜங்ஷனில் இறங்கி, பஸ்ஸில் புழுதி குடித்து, வெள்ளரிப்பிஞ்சு கடித்துக்கொண்டே போய்ச் சேர்ந்தேன். போன முதல் நாள் எல்லாம் இனித்தது. நாலாம் நாள் கால் நிற்கவில்லை. செய்தித்தாள் இரண்டு நாள் பழசாக வந்தது. ஐரோப்பா தீப்பிடிக்கப் போகிறது என்று எனக்குத் தெரியும், இங்கே நிலக்கடலைக்கு மழை வருமா என்பதுதான் பேச்சு. அங்கே இருந்தால் இந்த நிலக்கடலையை நினைத்து ஏங்குவேன், இங்கே இருந்தால் அந்தச் செய்தித்தாளை நினைத்து ஏங்குகிறேன். என்ன பிறவியோ! அய்யன் உள்ளே போய் மஞ்சள் துணியில் சுற்றிய கல்லூரிக் கடிதத்தை எடுத்து வந்து என் மடியில் வைத்தார்.

"கவனிச்சுட்டு இருக்கறாங்கன்னு போட்டிருக்குதாமே சாமி. உத்தரவு எப்ப வரும்?"

"தெரியலீங்கய்யா."

"வரட்டும், வரட்டும். பெரிய ஆபீசு. அவசரப்படுத்தப்படாது." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "கட்டத்துல நீ கையெழுத்துப் போட்டுட்டயல்லொ? நீ போட்டாத்தான் செல்லும்னாரு எழுதுனவரு" என்றார்.

அவர் முகத்தில் துளிச் சந்தேகம் இருந்திருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேன். இல்லை. மகன் கையெழுத்துப் போடாமல் இருப்பான் என்ற நினைப்பே அவருக்கு வந்ததில்லை.

"போட்டுட்டனுங்க" என்றேன்.

விடுமுறை முடிய ஒரு மாதம் இருக்கும்போதே கிளம்பினேன். போயிட்டு வாரேனுங்க என்று எல்லோரையும் போலச் சொல்லித்தான் பஸ் ஏறினேன். அடுத்த வருஷம் யுத்தம் வந்தது. கப்பல் இல்லை, கடிதம் இல்லை. ஊர் திரும்ப முடியாததற்கு ஒரு பெரிய காரணம் கிடைத்துவிட்டது. உள்ளுக்குள் எனக்கு ஏற்பட்ட நிம்மதியை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

இந்த வாரத்துக்கு வருகிறேன். நேற்று நேர்முகம் நடந்தது. போலந்திலிருந்து வந்த ஒருவர் எதிரே உட்கார்ந்திருந்தார். நல்ல படிப்பாளி. நற்சாட்சிக்கு இரண்டு பெயர் கொடுத்திருந்தார், இரண்டு கடிதமும் விலாசதாரர் இல்லை என்று திரும்பி வந்திருந்தன. வழக்கமான கேள்வியைக் கேட்டேன், "நிரந்தரமாக இங்கே இருக்கத் தயார்தானா?" என்று.

"என்னைத் திருப்பிக் கேட்க இனி யாரும் இல்லை, ஐயா" என்றார் சாதாரணமாக.

அவரையே எடுத்தோம். காலியிடம் நிரம்பியது. நான் அறைக்கு வந்தால் மேஜையில் சேலம் தபால் முத்திரையோடு ஒரு கடிதம் காத்திருந்தது. ராவுத்தர் எழுதியது. வயதாகி எழுத்தெல்லாம் கோணிக்கொண்டு போயிருந்தது. ஆளெடுக்கும் கமிட்டிக்கு நான் தலைவனாகிவிட்ட செய்தியைப் போன மாதம் எழுதியிருந்தேன், கொஞ்சம் பெருமைக்காகவும்தான். அய்யனுக்கு வாசித்துக் காட்டினாராம். அவருக்குக் கண் சரியாகத் தெரிவதில்லையாம், ஆனால் கேட்டதும் எழுந்து உட்கார்ந்துவிட்டாராம். அவர் சொல்லச் சொல்ல எழுதியிருந்தார்:

"சாமி, இனி அங்க ஆளைப் போடறதும் மாத்தறதும் நீதானாமே. ரொம்பச் சந்தோசம். அப்பறம் என்ன? மகஜர் அங்கதான் இருக்குது, உன்ற கையெழுத்தும் இருக்குது. நீயே ஒரு உத்தரவு போட்டுக்க. சேலமே வேணும்னு இல்ல, மெட்ராசானாலுஞ் சரி. தூரமுன்னு அப்ப எழுதுனது தப்பு."

கீழே அய்யனின் கட்டைவிரல். தழும்பு அப்படியே இருந்தது.

நேராக மிஸ் பென்டனிடம் போனேன். அவருக்கும் தலை நரைத்துவிட்டது, பென்சில்கள் மட்டும் அதே வரிசையில் இருக்கின்றன. என் நியமனக் கோப்பைக் கேட்டேன். ஒரு நிமிஷத்தில் எடுத்துக் கொடுத்தார். மடிப்புகளில் காகிதம் நைந்திருந்தது, ஊதா மை பழுப்பேறியிருந்தது. அந்த ரேகைகளில் எத்தனை பேர் இப்போது உயிரோடு இருக்கிறார்களோ. கட்டம் மட்டும் புதிதாக இருந்தது.

"அன்று இந்த இடத்தைப் பற்றிக் கேட்டீர்களே" என்றேன். "காகிதம் மீந்ததல்ல. இது நான் கையெழுத்துப் போட வேண்டிய இடம். என்னை மாற்றச் சொல்லி."

அவர் கட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்பார் என்று எதிர்பார்த்தேன். இத்தனை வருஷமாக ஒரு தாள் பூர்த்தியாகாமல் தன் அலமாரியில் இருந்திருக்கிறது என்பதுதான் அவருக்கு வருத்தம் போலிருக்கிறது. மைக்கூட்டைத் திறந்து என் பக்கம் நகர்த்தினார்.

போட்டேன். அய்யனிடம் சொன்ன ஒரு பொய்யாவது இப்போது பொய்யில்லை. மிஸ் பென்டன் மை ஒற்றும் தாளை வைத்து அழுத்தி, மகஜரை மடித்து, முறைப்படி அது யாருடைய உத்தரவுக்குப் போக வேண்டுமோ அவருடைய கோப்புத் தட்டில் கொண்டுபோய் வைத்தார். அது என் மேஜைத் தட்டு. இன்று காலை வந்தபோதும் அங்கேதான் இருந்தது. அதன் மேல் வேறு காகிதங்களை வைத்தேன், எடுத்தேன், ஜன்னலுக்குப் போனேன், திரும்பி வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன், அய்யா. உத்தரவு இன்னும் வரவில்லை.